இருபத்துமூன்று வருட வார்டிலிருந்து ஓவியக்கூடத்துக்கு: பெரியவர்களுக்கான ஓவிய சிகிச்சை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பெரியவர்களுக்கு ஓவிய சிகிச்சை என்று பேச்சு வந்தாலே, வண்ணம் தீட்டும் புத்தகமும் மண்டலா என்ற வட்டக் கோலங்களும்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் தீட்டினால் மனசு லேசாகிறது என்பது உண்மைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் சிகிச்சை ஒரு பெரியவருக்கு எதுவரை உதவும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்று தெரிந்துகொள்ள லேசான உதாரணங்கள் போதாது. அதனால் இருப்பதிலேயே கடினமான ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். 1946இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரில் ஒரு மனநல மருத்துவமனையில், பல வருடங்களாக வார்டில் கிடந்து, இனி இவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவர்களே கைவிட்டிருந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஓர் அறை, பெயிண்ட், பிரஷ், களிமண் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நடந்தவை தேதி போட்ட லட்சக்கணக்கான படங்களாக இன்றும் இருக்கின்றன, அதனால் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துச் சரிபார்க்கலாம்.

இடமும் ஆளும்

எஞ்ஜேன்யோ டி டென்ட்ரோ என்பது ரியோவின் வடக்குப் பகுதியில் உள்ள ஒரு புறநகர். அங்கிருந்த தேசிய மனநல மருத்துவமனைக்கு 1944இல் வேலைக்கு வந்தவர் டாக்டர் நீசி ட சில்வெய்ரா. 1905இல் மசெயோ நகரில் பிறந்தவர். 1926இல் மருத்துவப் பட்டம் வாங்கியபோது 157 பேர் இருந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். 1936இல், மார்க்சியப் புத்தகங்கள் வைத்திருக்கிறார் என்று உடன் வேலை பார்த்த ஒரு நர்ஸ் காட்டிக்கொடுக்க, பிரேசில் அதிபர் வர்காஸின் ஆட்சி அவரைப் பிடித்துச் சிறையில் போட்டது. ஒரு வருடத்துக்கு மேல் சிறை, வெளியே வந்த பிறகும் 1944 வரை அரசு வேலைக்குத் திரும்ப முடியவில்லை. பூட்டிய கதவுக்கு உள்ளே இருப்பது எப்படியிருக்கும் என்று தெரிந்த ஒரு மருத்துவர் அந்த மருத்துவமனைக்குள் வந்தார் என்பதை இந்தக் கதையில் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

அவர் அரசு வேலைக்கு வெளியே இருந்த அந்த எட்டு வருடத்தில் மனநல மருத்துவம் வேறு ஒன்றாக மாறிவிட்டிருந்தது. 1935இல் போர்ச்சுகலில் எகாஸ் மோனிஸ் மூளையின் முன்பகுதியில் நரம்பிழைகளை வெட்டும் லோபாட்டமி அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார், 1938இல் இத்தாலியில் மின்அதிர்ச்சி சிகிச்சை வந்தது, இன்சுலின் ஊசி போட்டு நோயாளியைக் கோமாவுக்குக் கொண்டுபோகும் முறையும் இருந்தது. நீசி வந்து சேர்ந்ததும் ஒரு மருத்துவர் அவருக்கு மின்அதிர்ச்சிக் கருவியைக் காட்டினார். ஒரு நோயாளிக்கு அந்த மருத்துவரே பொத்தானை அழுத்தினார், அந்த ஆளுக்கு உடம்பு தூக்கிப்போட்டு வலிப்பு வந்தது. அடுத்த நோயாளியைப் படுக்கவைத்துவிட்டு, இப்போது நீங்கள் அழுத்துங்கள் என்றார். நீசி அழுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

(இன்றைய மின்அதிர்ச்சி சிகிச்சையை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம். இப்போது மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்கிறார்கள், கடுமையான மனச்சோர்வில் உயிரைக் காப்பாற்றும் சிகிச்சை அது.)

இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்த நிர்வாகம், யாரும் போக விரும்பாத ஒரு பிரிவில் அவரைப் போட்டது. பெயர் என்னவோ தொழில்வழி சிகிச்சைப் பிரிவுதான், ஆனால் அங்கே நடந்தது நோயாளிகளை வைத்துத் தரை துடைப்பதும் கழிவறை கழுவுவதும். 1946இல் அதைக் கையில் எடுத்த நீசி, நோயாளிகளின் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுத் தையல், புத்தகம் கட்டுதல், தச்சு, தோட்டம், இசை, நாடகம் என்று வேலைகளைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி ஓவியக்கூடம் திறந்தது. அதைத் தொடங்குவதில் அவரோடு நின்றவர் அல்மிர் மாவின்யேர், மருத்துவமனையில் வேலை பார்த்த, ஓவியனாக வேண்டும் என்று ஆசைப்பட்ட 21 வயது இளைஞர். பிற்காலத்தில் ஜெர்மனிக்குப் போய்ப் பெரிய பெயர் வாங்கினார்.

அதே 1946இல் இங்கிலாந்தின் நெதர்ன் மருத்துவமனையில் எட்வர்ட் ஆடம்சன் என்ற ஓவியரும் நோயாளிகளுக்கு ஓவியக்கூடம் தொடங்கினார். போர் முடிந்த காலத்தில் உலகின் வேறு வேறு மூலைகளில் ஒரே மாதிரி வேலை தொடங்கியிருக்கிறது, அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

எப்படி நடத்தினார்கள்

ஓவியக்கூடத்தில் யாரும் யாருக்கும் வரையச் சொல்லித் தரவில்லை. பார்த்து வரைய மாதிரிப் படம் கிடையாது, இன்றைக்கு இதை வரையுங்கள் என்ற தலைப்பு கிடையாது, ஆகா அற்புதம் என்ற பாராட்டும் கிடையாது. வரைந்தால் வரையலாம், சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரி. மானிட்டர் என்று அழைக்கப்பட்ட ஒருவர் கூடவே இருப்பார், தாள் தீர்ந்தால் எடுத்துக் கொடுப்பார், பக்கத்தில் அமர்ந்திருப்பார், அவ்வளவுதான். முடிந்த ஒவ்வொரு படத்திலும் தேதி போட்டு எடுத்து வைத்தார்கள்.

தேதி போட்டு வைத்ததுதான் இந்த நிகழ்வை ஆய்வாக ஆக்கியது. ஒரு படத்தைத் தனியாகப் பார்த்து நோயாளியின் மனதைப் படிக்க முடியாது என்பதில் நீசி உறுதியாக இருந்தார். நூறு, இருநூறு படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் ஏதோ ஒன்று வளர்வதும் தேய்வதும் திரும்பத் திரும்ப வருவதும் தெரியும் என்றார். இன்றைக்கு ஒரே ஒரு மரம் வரையச் சொல்லி, கிளை இந்தப் பக்கம் சாய்ந்தால் இந்தக் குணம் என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்கான மருந்துகள் உலகில் புழக்கத்துக்கு வந்ததே 1952க்குப் பிறகுதான். அதனால் ஓவியக்கூடத்தின் முதல் சில வருடங்களில் தெரிந்த மாற்றத்தை மாத்திரையின் கணக்கில் எழுத முடியாது. முழுக்க ஓவியத்தின் கணக்கிலும் எழுத முடியாது, ஏனென்றால் அறை மாறியது, பேசும் விதம் மாறியது, அடிமை வேலை நின்றது, எல்லாம் ஒன்றாகவே நடந்தன.

எமிக்டியோ

எமிக்டியோ டி பாரோஸ் 1895இல் பிறந்தவர். கடற்படை ஆயுதச்சாலையில் மெக்கானிக், கையில் வேலை சுத்தமாக இருந்ததால் மேல்பயிற்சிக்குப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டவர். திரும்பி வந்தபோது அவர் விரும்பிய பெண்ணை அவருடைய சகோதரரே மணந்திருந்தார் என்கிறார்கள். 1924இல் மருத்துவமனைக்குள் போனார். அதன் பிறகு 23 வருடம்.

1947இல் ஒருநாள் வார்டிலிருந்து சிலரைப் பட்டறைகளுக்கு அழைத்துப்போக வந்த மானிட்டர், பட்டியலில் இல்லாத இந்த மனிதர் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தார். தானும் வர வேண்டும் என்ற ஆசை அந்தப் பார்வையில் இருந்ததாக அவருக்குத் தோன்றியது. முற்றிலும் சிதைந்த நோயாளி, அழைத்துப்போய்ப் பயனில்லை என்பதுதான் மருத்துவத் தரப்பின் கருத்து. மானிட்டர் அழைத்துப்போனார். எமிக்டியோ ஓவியக்கூடத்துக்கு வந்து, கொஞ்ச நாளிலேயே ஜன்னல்களும் தோட்டமும் வெளிச்சமும் நிரம்பிய ஓவியங்களை வரையத் தொடங்கினார். கலை விமர்சகர் மாரியோ பெட்ரோசாவும் கவிஞர் ஃபெரெய்ரா குல்லாரும் அவற்றைப் பிரேசிலின் சிறந்த ஓவியங்களோடு வைத்துப் பேசினார்கள்.

அவர் பெரிய ஓவியர் ஆனது எனக்கு இரண்டாம்பட்சம்தான். 23 வருடம் கழித்தும் இந்த மனிதருக்குள் நிறம் தேர்ந்தெடுக்கும் திறன், தூரத்தையும் பக்கத்தையும் ஒரு தாளில் ஒழுங்குபடுத்தும் திறன், தொடங்கியதை முடிக்கும் பொறுமை எல்லாம் அப்படியே இருந்தன. நோய் அவற்றை அழித்துவிட்டது என்று பதிவேடு சொன்னது, அழியவில்லை என்று படம் சொன்னது. அன்று கடைக்கண் பார்வையை ஒருவர் கவனிக்காமல் போயிருந்தால் பதிவேடு சொன்னதுதான் உண்மை என்று முடிந்திருக்கும். நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

அடெலினா

அடெலினா கோமஸ் விவசாயக் குடும்பத்துப் பெண், 1916இல் பிறந்தவர், அடக்கமானவர், அம்மா சொல்லைத் தட்டாதவர். 18 வயதில் ஒருவரை விரும்பினார், அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டார். அப்புறம் மெல்ல மெல்ல ஒடுங்கிப்போய், ஒருநாள் வீட்டில் எல்லோரும் செல்லமாக வளர்த்த பூனையைக் கழுத்தை நெரித்துக் கொன்றார். 1937இல் மருத்துவமனைக்கு வந்தார். யாரோடும் ஒத்துழைக்காதவர், ஆபத்தானவர் என்று அவரைப் பற்றி எழுதி வைத்திருந்தார்கள்.

1946இல் ஓவியக்கூடத்துக்கு வந்தவர் முதலில் களிமண்ணைத்தான் எடுத்தார். கனத்த, கல் போன்ற, அச்சமூட்டும் பெண் உருவங்களைச் செய்தார். பிறகு ஓவியத்துக்கு மாறி, பூவாக மாறிப்போன பெண்ணைத் திரும்பத் திரும்ப வருடக்கணக்கில் வரைந்தார். கிரேக்கக் கதையில் அப்பல்லோவிடமிருந்து தப்பி ஓடி மரமாக மாறும் டாஃப்னியை நீசி இதோடு சேர்த்துப் பார்த்தார். காதலை விட்டுக் கொடுத்து அம்மாவின் பக்கமே நின்றுவிட்ட பெண், உணர்ச்சியே வேண்டாம் என்று செடியாகிவிட்டாள் என்பது அவருடைய விளக்கம். அழகான விளக்கம்தான், ஆனால் அதைச் சரியா தவறா என்று சோதிக்க வழியில்லை, அதனால் நான் அதன் மேல் எதையும் கட்ட மாட்டேன். கண்ணுக்குத் தெரிந்தது இதுதான்: பல வருடப் படங்களின் வரிசையில் செடிக்குள்ளிருந்து மனித முகமும் உடலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகின்றன, வரைந்தவரும் பழைய பதிவில் இருந்த ஆபத்தான பெண்ணாக இல்லாமல் அமைதியாக அந்த அறைக்கு வந்து வேலை செய்துகொண்டிருந்தார். 1984இல் இறக்கும்வரை சுமார் 17,500 படைப்புகள். ஒருவேளை விளக்கம் அவருக்குத் தேவைப்படவே இல்லையோ என்னவோ. கோபத்தையும் பயத்தையும் பூனை மேல் காட்டாமல் களிமண் மேல் காட்ட ஓர் இடம் கிடைத்தது, அதைச் செய்ததற்காக யாரும் அவரைத் தண்டிக்கவில்லை.

ஃபெர்னாண்டோ

ஃபெர்னாண்டோ டினிஸ் பாஹியா மாநிலத்தில் 1918இல் பிறந்த கருப்பினப் பையன். அம்மா தையல்காரி, பணக்கார வீடுகளுக்குப் போய்த் தைப்பார், பையனையும் கூட்டிப்போவார். நன்றாகப் படித்தான், இன்ஜினியர் ஆக வேண்டும் என்று கனவு. அம்மா வேலை செய்த வீட்டுப் பெண்ணின் மேல் மனதில் ஒரு பிரியம் வைத்திருந்தான், அவளுக்குக் கல்யாணம் ஆனபோது உடைந்துபோனான். 1944இல் ரியோவின் கோபகபானா கடலில் உடையில்லாமல் குளித்தார் என்று பிடிக்கப்பட்டு மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1949 முதல் எஞ்ஜேன்யோ டி டென்ட்ரோவில்.

தலையை நிமிர்த்தாத, பேச்சு குறைந்த மனிதர். ஆரம்பப் படங்களில் எல்லாப் பொருளும் ஒன்றின் மேல் ஒன்று குவிந்து கிடக்கும். பிறகு ஒவ்வொரு பொருளாக எடுத்து வைத்தார்: ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், ஒரு பியானோ, பழங்கள். அப்புறம் தரை, தரைக்கு மேல் சுவர், சுவருக்குள் மூலை, கடைசியில் பொருள்கள் எல்லாம் தங்கள் இடத்தில் நிற்கும் முழு அறை. அம்மாவோடு போய் வாசலில் நின்று பார்த்த அந்தப் பணக்கார வீடுகளின் உள்ளறை அது. குழம்பிக் கிடந்த இடத்தை ஒரு மனிதர் தன் கையாலேயே திரும்ப அடுக்கியதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு ஆவணம் எனக்குத் தெரியவில்லை. 1999இல் இறந்தார், சுமார் 30,000 படைப்புகள் இருக்கின்றன. வயதான காலத்தில் அனிமேஷன் படம்கூட செய்தார்.

சரி, இவர் குணமாகி வீட்டுக்குப் போனாரா என்றால், இல்லை. வாழ்நாளின் பெரும்பகுதி மருத்துவமனைச் சூழலில்தான் கழிந்தது. ஓவிய சிகிச்சை நோயைத் துடைத்து எடுத்துவிடும் என்று இந்த நிகழ்வைக் காட்டி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எதிர்ச்சான்று போல இரண்டு பேர்

லூசியோ நோமன் வலுவான சிற்பங்கள் செய்தவர், போர்வீரர்கள் போன்ற உருவங்கள். 1949இல் சாவ் பாவ்லோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எஞ்ஜேன்யோ டி டென்ட்ரோவின் 9 கலைஞர்கள் என்று கண்காட்சி நடந்தது, அதில் இவருடைய சிற்பங்களும் இருந்தன. அதே ஆண்டு, நீசி எதிர்த்துப் போராடியும் கேட்காமல், அவருக்கு லோபாட்டமி செய்தார்கள். அதன் பிறகு அவர் செய்தவற்றில் அந்த உருவங்கள் இல்லை, குழைந்த மண் மட்டும்தான். அதே 1949இல்தான் லோபாட்டமிக்காக மோனிஸுக்கு நோபல் பரிசும் கொடுத்தார்கள். முன்னும் பின்னும் செய்த சிற்பங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாதமே தேவையில்லை.

ரஃபேல் டொமிங்கெஸ் வேறு மாதிரி. இளமையில் ஓவியம் கற்றவர், 15 வயதிலேயே நோய். மாவின்யேர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் இந்தியன் இங்க்கில் ஒரே கோட்டில் ஓடும் அற்புதமான முகங்களும் பூச்சாடிகளும் வரைந்தார். 1951இல் மாவின்யேர் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். உருவங்கள் மங்கி, கோடுகள் மறுபடி சிதறத் தொடங்கின. அதே தாள், அதே மை, அதே அறை, ஆள் மட்டும் இல்லை. அன்பான ஓர் ஆள் பக்கத்தில் இருப்பதே மாற்றத்தைத் தூண்டிவிடுகிறது என்று நீசி வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு ரஃபேலைவிட நல்ல சான்று கிடையாது. நாய்களையும் பூனைகளையும் மருத்துவமனைக்குள் விட்டு, நோயாளிகள் பொறுப்பில் வளர்க்கச் சொன்னதும் இதே நம்பிக்கையில்தான்.

1952இல் படங்களைப் பாதுகாக்க ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார், இன்று அங்கே மூன்றரை லட்சத்துக்கும் மேல் படைப்புகள். 1954இல் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற மனநல மருத்துவர் கார்ல் யுங்குக்குச் சில படங்களை அனுப்பி எழுதினார், 1957இல் ஜூரிக் மனநல மாநாட்டில் இந்தப் படங்களின் கண்காட்சியை யுங்கே திறந்துவைத்தார். நோயாளிகள் எப்படிப்பட்ட சூழலில் வரைகிறார்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவரும் விசாரித்திருக்கிறார். 1956இல் நீசி தொடங்கிய காசா தாஸ் பால்மெய்ராஸ் என்ற திறந்த இல்லத்தைத்தான் நான் இதைவிடப் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன். வீட்டுக்குப் போனவர்கள் திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கே வந்துகொண்டிருந்ததைப் பார்த்து, வெளியில் இருந்துகொண்டே பகலில் வந்து வேலை செய்துவிட்டுப் போக ஓர் இடம் வேண்டும் என்று தொடங்கியது அது.

இன்றைய ஆய்வுகளோடு வைத்துப் பார்த்தால்

இங்கேதான் மனதுக்குப் பிடிக்காத ஒரு தகவலையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் மனச்சிதைவு நோய் உள்ள 417 பெரியவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை குழு ஓவிய சிகிச்சை, இன்னொன்றுக்கு வேறு குழுச் செயல்பாடு, மூன்றாவதுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்று வைத்து, இரண்டு வருடம் கழித்து அளந்தார்கள். மேட்டிஸ் என்ற அந்த ஆய்வு 2012இல் வெளியானது. அன்றாட வாழ்க்கையைச் சமாளிப்பதிலோ நோய் அறிகுறிகளிலோ ஓவியப் பிரிவு மேலாக வரவில்லை.

இதைப் படித்ததும் ஓவிய சிகிச்சை வேஸ்ட் என்று முடிவு கட்டியவர்களும் உண்டு, இந்த ஆய்வையே கண்டுகொள்ளாமல் கடந்து போனவர்களும் உண்டு. இரண்டும் சரியில்லை என்பேன். ஓவியப் பிரிவுக்கு அனுப்பப்பட்டவர்களில் 39 சதவீதம் பேர் ஒரு வகுப்புக்குக்கூடப் போகவில்லை. வந்தவர்களுக்கும் வாரத்தில் ஒன்றரை மணி நேரம்தான். எஞ்ஜேன்யோ டி டென்ட்ரோவில் கடைக்கண் பார்வையைப் பார்த்து ஆளை அழைத்து வந்தார்கள், அறை நாள்தோறும் திறந்திருந்தது, அது வருடக்கணக்கில் நீடித்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்கிறது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. அதே சமயம் நீசியின் ஓவியக்கூடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவு கிடையாது, நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் எல்லாம் நன்றாக வரைந்தவர்கள்தான், வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனவர்களுக்கு என்ன ஆனது என்பதைப் படங்கள் சொல்லாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் நான் இதை நம்புகிறேன்.

நோய் எதுவும் இல்லாத பெரியவர்கள் விஷயத்தில் ஒரு சின்ன ஆய்வு உண்டு. 2016இல் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரை 45 நிமிடம் களிமண், மார்க்கர், ஒட்டுப்பட வேலை ஏதாவது ஒன்றைச் செய்ய வைத்து, முன்னும் பின்னும் உமிழ்நீரில் மன அழுத்தத்தோடு கூடும் கார்டிசோல் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன்பே வரையப் பழகியிருந்தாரா இல்லையா என்பதால் வித்தியாசமில்லை. இதிலும் ஒப்பீட்டுப் பிரிவு இல்லை, 45 நிமிடத்தின் விளைவு மட்டும்தான். ஆனாலும் எனக்கு வரையவே வராது என்று ஒதுங்கி நிற்பவர்களுக்குச் சொல்ல இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த 39 பேரின் பக்கத்திலும் ஒரு சிகிச்சையாளர் இருந்தார் என்பதையும் மறக்க வேண்டாம்.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ சேர்க்க நினைத்தால்

மருந்து சாப்பிடுகிறவர் அதை நிறுத்திவிட்டு இதற்கு வரக்கூடாது, இது கூடச் சேர்வது. நடத்துகிறவர் எங்கே பயிற்சி பெற்றார் என்று தயங்காமல் கேளுங்கள். பிரிட்டனில் ஓவிய சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ளவே பதிவு வேண்டும், எல்லா நாட்டிலும் அப்படிக் கட்டுப்பாடு இருக்காது. ஒவ்வொரு வாரமும் அதே ஆள்தான் இருப்பாரா, ஆள் மாறிக்கொண்டே இருப்பாரா என்று கேளுங்கள், ரஃபேலுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு நான் இதைத்தான் முதலில் கேட்பேன். முதல் படத்தைப் பார்த்ததுமே உங்கள் குணத்தைச் சொல்கிறவராக இருந்தால் எழுந்து வந்துவிடலாம். படங்களை எங்கே வைப்பார்கள், யாருக்குக் காட்டுவார்கள், உங்களைக் கேட்காமல் எங்காவது போடுவார்களா என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். முதல் மூன்று நான்கு வாரம் எதுவுமே வரையாமல் வெறும் தாளோடு திரும்பி வந்தால் வீட்டில் இருப்பவர்கள் ஏன் என்று துளைக்க வேண்டாம், அடுத்த வாரமும் போகட்டும்.